வெயிலும் நம் தோலும்: போடத் தெரிய வேண்டிய கணக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் குடும்ப மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெயிலும் தோலும் என்ற தலைப்பில் பேசப் போகிறேன் என்று சொன்னதும் என் நண்பர் ஒருவர் சிரித்தார். "டாக்டர், இதை வெள்ளைக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள். நம் தோலை வெயில் என்ன செய்துவிடும்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றிச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தம் 14 வயது மகளை என் மருந்தகத்திற்கு அழைத்து வந்தார். அந்தப் பெண் பள்ளியின் ஓட்டப்பந்தயக் குழுவில் இருப்பவள். வாரத்தில் மூன்று நாள் திடலில் பயிற்சி. "டாக்டர், வெயிலில் ஓடி ஓடிப் பிள்ளை கறுத்துப் போயிட்டா. நிறம் திரும்புவதற்கு ஏதாவது கிரீம் கொடுங்க. இல்லாட்டி ஓட்டத்தை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கன்னங்கள் இரண்டும் எரிச்சலோடு தோல் உரிந்திருந்தன. "முகத்தில் என்னம்மா போடுறே?" என்று கேட்டேன். அவள் தாயாரைப் பார்த்தாள். தாயார் கைப்பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தார். அதில் மருந்தின் பெயரும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. உறவினர் ஒருவர் வாங்கித் தந்த வெண்மைக் களிம்பாம்.

நேயர்களே, அந்தப் பிள்ளையைப் புண்ணாக்கியது வெயில் மட்டுமன்று. வெயிலைத் தாங்குவதற்காக இயற்கை அவளுக்குக் கொடுத்திருந்த காப்பை அந்தக் களிம்பு அரித்துவிட்டது. அதன் மேல் வெயில் பட்டது.

நம் வீடுகளில் வெயிலைப் பற்றி இரண்டே பேச்சுகள் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று: "நம்ம தோலுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது, போய் விளையாடு." பெண் பிள்ளைகளுக்கு ஒன்று: "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போயிடுவே." இரண்டுமே தவறான கணக்கு. முதலாவது ஆபத்தைக் குறைத்துப் போடுகிறது. இரண்டாவது, ஆபத்தே இல்லாததை ஆபத்து என்று எழுதுகிறது. சரியான கணக்கு எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

நிறம் என்னும் காப்பு

நம் தோலின் மேல்பகுதியில் மெலனின் என்னும் நிறமி இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் உயிரணுவின் கருவைத் தாக்காதபடி இந்த நிறமி அதன் மேல் குடைபோல் கவிந்து நிற்கிறது. வெயில் பட்டால் கறுக்கிறோமே, அது உடல் அவசரமாகக் கூடுதல் குடைகளை விரிப்பதுதான்.

இந்தக் குடை எவ்வளவு தாங்கும்? 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கறுப்பினத்தவர் தோலையும் வெள்ளையர் தோலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களைப் பொறுத்தவரை, கறுப்புத் தோலின் மேலடுக்கு தரும் பாதுகாப்பு சுமார் 13 மடங்கு. வெள்ளைத் தோலுக்குச் சுமார் 3 மடங்கு. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையரிடையே தோல் புற்றுநோய் அவ்வளவு அதிகமாக இருப்பதற்கும், சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் அது குறைவாக இருப்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

ஆகவே என் நண்பர் சொன்ன பாதி இதுதான். நம் நிறம் ஒரு சொத்து. அதைச் சுரண்டி எடுப்பதற்குக் காசு கொடுப்பது, வீட்டுக் கூரையைப் பிரிப்பதற்குக் கூலி கொடுப்பதுபோல.

ஆனால் அந்தக் கூரையில் ஓட்டைகளும் உண்டு. 13 மடங்கு பாதுகாப்பு என்றால்கூட 13இல் ஒரு பங்கு உள்ளே வருகிறது. நிலநடுக்கோட்டின் அருகில், ஆண்டு முழுவதும், நாள்தோறும் வருகிறது.

ஆறு வகைத் தோல்

1975இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல்நோய் மருத்துவர் தோலை வகை பிரித்தார். சில நோயாளிகளுக்குப் புற ஊதாக் கதிரால் சிகிச்சை கொடுக்கும்போது யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. தொடக்கத்தில் அவர் வகுத்த நான்கு வகைகளும் வெள்ளைத் தோலுக்கானவை. பழுப்பு, கறுப்புத் தோல்கள் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னால் சேர்க்கப்பட்டன.

முதல் வகை, மிக வெளிறிய தோல். எப்போதும் சிவந்து புண்ணாகும், கறுக்கவே கறுக்காது. இரண்டாம் வகை, எளிதில் சிவக்கும், சிறிதளவே கறுக்கும். மூன்றாம் வகை, சில வேளை சிவக்கும், மெல்லக் கறுக்கும். சீனர்கள் பலர் இதில் வருவார்கள். நான்காம் வகை, நாம் மாநிறம் என்று சொல்வது. அரிதாகச் சிவக்கும், நன்றாகக் கறுக்கும். ஐந்தாம் வகை, நல்ல பழுப்பு நிறம். மிக அரிதாகத்தான் புண்ணாகும். ஆறாம் வகை, ஆழ்ந்த கறுப்பு.

தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய வகைகளுக்குள் வருகிறோம். ஒரே குடும்பத்தில் அப்பா ஆறு, அம்மா நான்கு, பிள்ளைகள் ஐந்து என்று இருப்பதும் சாதாரணம். அதனால் "நம் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

உங்கள் வகையைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் ஏற்கெனவே வெயில் பட்டது. மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். அதுதான் நீங்கள் பிறந்த நிறம். அடுத்து, நீண்ட நேரம் வெயிலில் இருந்த நாளின் இரவை நினைத்துப் பாருங்கள். நம் தோலில் சிவப்பு தெரியாது. ஆனால் தோள் தொட்டால் சுட்டதா? சட்டை உரசினால் வலித்ததா? தோல் இறுகினாற்போல் இருந்ததா? மூன்று நான்கு நாள் கழித்து உரிந்ததா? அப்படியானால் உங்கள் தோல் வெந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெயிலுக்கும் ஓர் எண்

தோலுக்கு எண் கொடுத்தாயிற்று. வெயிலுக்கும் ஓர் எண் உண்டு. அதன் பெயர் புற ஊதாக் குறியீடு. சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் பகல் நேரத்தில் மணிக்கு மணி இதை வெளியிடுகிறது. கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். 2 வரை குறைவு. 3 முதல் 5 வரை மிதம். 6, 7 அதிகம். 8 முதல் 10 வரை மிக அதிகம். 11ஐத் தொட்டால் கடுமை. ஐரோப்பாவின் வடபகுதிகளில் கோடையின் உச்சத்திலேயே 6, 7தான் இருக்கும். நமக்கு வானம் தெளிவாக இருக்கும் நாளில் 10, 11, 12 என்பது புதிதன்று.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நம் உச்சி வேளை 12 மணி அல்ல. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தன. அதனால் சூரியன் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் 1 மணியையொட்டித்தான். பினாங்கில் இன்னும் கால் மணி நேரம் பிந்தி வரும். "மதியச் சாப்பாடு முடிந்தது, வெயில் இறங்கிவிட்டது" என்று 2 மணிக்குத் திடலுக்குப் போகிறவர்கள் உச்சி வெயிலில்தான் போகிறார்கள்.

இரண்டு, புழுக்கம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. மேகமூட்டத்தோடு காற்று வீசும் நாளில் உடலுக்கு இதமாக இருக்கும். ஆனால் மெல்லிய மேகத்தை ஊடுருவிப் பெரும்பகுதிக் கதிர் வந்துவிடும். கடற்கரையில் மணலும் நீரும் கொஞ்சத்தைத் திருப்பி அடிக்கும். உடலுக்குச் சூடு தெரியாத நாளில்தான் நாம் அதிக நேரம் வெளியில் நிற்கிறோம்.

ஒரு மனக்கணக்கு

இப்போது இரண்டு எண்களையும் சேர்ப்போம். இதற்குக் கணிப்பான் தேவையில்லை.

நீங்கள் மாநிறம், அதாவது நான்காம் வகை என்றால் 300 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகை என்றால் 400. ஆறாம் வகை என்றால் 650. அந்த எண்ணை அப்போதைய புற ஊதாக் குறியீட்டால் வகுத்தால், பாதுகாப்பு எதுவும் இல்லாமல் எத்தனை நிமிடத்தில் உங்கள் தோல் வேகத் தொடங்கும் என்ற தோராயமான விடை கிடைக்கும்.

குறியீடு 10 என்று வைத்துக்கொள்வோம். மாநிறத்தவருக்கு 30 நிமிடம். ஐந்தாம் வகையினருக்கு 40 நிமிடம். ஆறாம் வகையினருக்கு ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். பக்கத்தில் நிற்கும் ஐரோப்பிய நண்பர் இரண்டாம் வகை என்றால் அவருடைய எண் 170, பதினேழே நிமிடம். அவர் சிவந்து போய் நிழலுக்கு ஓடுகிறார், நாம் சிரிக்கிறோம். ஆனால் காற்பந்தாட்டம் 90 நிமிடம் அல்லவா? நம் 40 நிமிடம் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறதே!

காலை 9 மணிக்குக் குறியீடு 2 என்றால் இதே 400ஐ இரண்டால் வகுங்கள். 200 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேல். அதே ஆள், அதே திடல், அதே ஆட்டம். நேரம் மட்டும் மாறியதில் ஆபத்து ஐந்தில் ஒன்றாகிவிட்டது. பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும் என்பது இதனால்தான்.

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் நம் தமிழ்நாட்டுச் சகோதரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 10 முதல் மாலை 4 வரை ஆறு மணி நேரம். தெளிந்த வானத்தில் சராசரிக் குறியீடு 8 என்று வைத்தால், 360 நிமிடத்தை எட்டால் பெருக்கி 400ஆல் வகுக்க வேண்டும். ஏழு மடங்குக்கு மேல் வருகிறது. அவருடைய நீளக்கைச் சட்டையும் தலைக்கவசமும் பெரும்பகுதியைத் தடுக்கின்றன. நாள்தோறும் வெயில் பட்டுத் தடித்த தோல் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. ஆனால் பின்கழுத்து, காது, முகம், புறங்கை ஆகியவை திறந்தே கிடக்கின்றன. வேலை முடிந்து திறந்த லோரியில் திரும்பும்போது துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறாரே, அது அழகுக்காக அன்று. அந்தத் துண்டு அவருக்கு மருந்து.

ஓர் எச்சரிக்கை. இந்த நிமிடங்கள் தோல் வேகும் எல்லையைக் காட்டுகின்றன. அதற்கு ஒரு நிமிடம் முன்பு வரை ஒன்றுமே ஆகாது என்று பொருளில்லை. வேகாத அளவிலும் கதிர் தன் வேலையைச் செய்கிறது, அது சேர்ந்துகொண்டே போகிறது. சாலையில் வேக வரம்பு எழுதியிருக்கிறதே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தொடுவதற்காக யாரும் வண்டி ஓட்டுவதில்லை.

கைத்தொலைபேசி இல்லாதவர்களுக்கும், எண்கள் பிடிக்காதவர்களுக்கும் இன்னும் எளிய வழி இருக்கிறது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். நிழலின் அளவே வெயிலின் அளவைச் சொல்லும் என்று நான் கூட்டிச் சொல்வேன். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் கவலை குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் வெயில் கடுமை. நம் வட்டாரத்தில் நிழல் குட்டையாக இருப்பது ஏறக்குறைய காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. பேரப்பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

கணக்கைக் கலைப்பவை

மேலே சொன்ன கணக்கு ஆரோக்கியமான தோலுக்கு. சில காரணங்களால் அது தலைகீழாகிவிடும்.

முதலாவது, வெண்மைக் களிம்புகள். பாதரசம், ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன் ஆகியவை கலந்த களிம்புகளைப் பற்றி மலேசிய, சிங்கப்பூர்ச் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். இவை நிறமியைக் குறைக்கின்றன, தோலையும் மெலியச் செய்கின்றன. பாதரசம் சிறுநீரகம் வரை போகும். ஐந்தாம் வகைத் தோலோடு பிறந்த பிள்ளை மூன்றாம் வகைத் தோலோடு நம் வெயிலில் நிற்கிறாள். நான் முன்பு சொன்ன பெண்ணுக்கு நடந்தது இதுதான்.

இரண்டாவது, எலுமிச்சை. முகம் பளபளக்கும் என்று எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போகிறவர்கள் உண்டு. அந்தச் சாற்றில் உள்ள ஒரு பொருள் கதிரோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கிக் கருந்தழும்பாக விட்டுவிடும். திருவிழாவில் கூடை கூடையாக எலுமிச்சை பிழிந்துவிட்டுக் கையைக் கழுவாமல் வெயிலில் நிற்பவர்களும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, மாத்திரைகள். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில நீர் மாத்திரைகள், டாக்ஸிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து, இருதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவை தோலை வெயிலுக்கு மிகவும் கூசச் செய்யும். மாத்திரையை நிறுத்தாதீர்கள். "இது வெயிலுக்கு ஆகுமா?" என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

நான்காவது, வெண்புள்ளி உள்ளவர்கள். புள்ளி விழுந்த இடத்தில் நிறமியே இல்லை. உடல் முழுவதும் ஆறாம் வகையாக இருந்தாலும் அந்த இடம் மட்டும் முதல் வகை. அதை மூடிப் பாதுகாக்க வேண்டும். லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயில் தோலை மட்டுமன்றி உடல் முழுவதையும் கிளறிவிடும். அவர்களுக்கு என் மனக்கணக்கு பொருந்தவே பொருந்தாது.

ஐந்தாவது, மொட்டை. தைப்பூசத்தில் முடி காணிக்கை செலுத்துகிறோம். அதுவரை வெயிலே படாத தலைத்தோல் அன்றுதான் முதன்முதலாக வெளியே வருகிறது. சந்தனம் குளிர்ச்சி தரும், சரிதான். ஆனால் அதைப் புற ஊதாக் கதிருக்கு முழுக் காப்பாக எண்ணிவிட வேண்டாம். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடப்பவர்கள் அதிகாலையில் தொடங்கினால் இந்தக் கணக்கு அவர்களுக்குச் சாதகம். பத்துமலையில் பகல் முழுவதும் வரிசையில் நிற்கும் குடும்பங்கள் மொட்டை போட்ட குழந்தைக்கு ஒரு பருத்தித் தொப்பி போட்டுவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நிறம் காக்காத இடங்கள்

இனி நான் சொல்லப் போவதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது.

என் தகப்பனார் சாலை போடும் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். கொதிக்கும் தாரும் மேலே வெயிலும். நல்ல கறுப்பு. அவர் தோலில் கடைசி வரை ஒரு புண் வந்ததில்லை. அவர் கணக்கில் வெயில் தோற்றுவிட்டது. ஆனால் 58 வயதில் அவரது வலது கண்ணின் ஓரத்தில் வளர்ந்திருந்த சதை கருவிழியின் மேல் ஏறிப் பார்வையை மறைத்தது. கூடவே இரண்டு கண்ணிலும் புரை. நான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. "ஏம்ப்பா ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "நான் என்ன சினிமா நடிகனாய்யா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரும் சொல்லலையேப்பா" என்றார்.

நேயர்களே, நம் தோலின் கறுப்பு நம் கண்ணுக்குக் குடை பிடிப்பதில்லை. கண்ணில் சதை வளர்வதும், கண்புரை முன்கூட்டியே வருவதும் வெயிலோடு தொடர்புள்ளவை. எந்த நிறத்தவரானாலும் வெளியில் வேலை செய்கிறவருக்கு அந்த ஆபத்து உண்டு. அகன்ற விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று குறிப்பிட்ட கண்ணாடியும் போதும். குறிப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி ஆபத்து. இருட்டில் கண்ணின் பாவை விரியும், தடுக்கப்படாத கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

இன்னோர் இடம் உள்ளங்கால். பாடகர் பாப் மார்லியை இளையர்களுக்குத் தெரிந்திருக்கும். காற்பந்துப் பிரியர். அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் இருந்த புண்ணை விளையாட்டில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். அது மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் என்று 1977இல் தெரிய வந்தது. 1981 மே மாதம், 36 வயதில் இறந்தார். கறுப்பு, பழுப்பு நிறத்தவருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் வரும். இந்த வகைக்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் "நமக்குத் தோல் புற்றுநோய் வராது" என்ற நம்பிக்கையால்தான் அதைக் காலம் கடந்து காட்டுகிறோம். மாதம் ஒரு முறை குளித்து முடித்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். வளரும் கரும்புள்ளி, ஆறாத புண், நகத்தில் அகன்று வரும் கறுப்புக் கோடு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, மங்கு. கன்னத்தில் திட்டுத் திட்டாகப் படரும் கறுப்பு. இது வெள்ளைத் தோலைவிட நம் தோலுக்கே அதிகம். நிறமி நிறைய உள்ள தோல் வெயிலின் சிறு சீண்டலுக்கும் நிறமியை அள்ளி இறைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் இதைக் கிளறும் என்பதால், மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது. அது நம் முகத்தில் வெள்ளை பூத்தாற்போலவும் தெரியாது.

என்ன செய்யலாம்?

முதலில் நேரம், அடுத்து நிழல், அதன் பிறகு துணி, கடைசியாகத்தான் களிம்பு. இந்த வரிசை முக்கியம். முதல் மூன்றுக்கும் பெரிய செலவில்லை. நெருக்கமாக நெய்த சட்டை நன்றாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளை டி-சட்டை நனைந்துவிட்டால் பாதுகாப்பு குறைந்துவிடும். நம் பாட்டிமார் பிடித்த கெட்டியான கறுப்புக் குடை இன்றைக்கும் நல்ல கருவிதான்.

களிம்பைப் பொறுத்தவரை எஸ்பிஎஃப் 30 என்றால் சிவக்க வைக்கும் கதிரில் 100க்கு 3 பங்கு உள்ளே விடும். 50 என்றால் 2 பங்கு. அதிக வேறுபாடில்லை. வேறுபாடு பூசும் அளவில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் பூச வேண்டிய அளவில் பாதியைக்கூடப் பூசுவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிக்கொள்ளுங்கள். வியர்த்தால், அல்லது இரண்டு மணி நேரம் ஆனால், மறுபடியும் பூசுங்கள். டப்பாவில் யுவிஏ பாதுகாப்பு உண்டா என்றும் பாருங்கள்.

யுவிஏ என்றதும் ஓட்டுநர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சாதாரணக் கண்ணாடி, தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி கதிரைத் தடுத்துவிடும். ஆனால் ஆழமாக இறங்கும் யுவிஏ கதிர் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக வரும். 28 ஆண்டுகள் லோரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அவர் முகத்தின் இடப்பக்கம் மட்டும் தடித்துச் சுருங்கிப் போயிருந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். இங்கே வலப்பக்கம். டாக்சி ஓட்டும் அண்ணன்மார் தங்கள் வலக்கையையும் இடக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

"அப்படியானால் வெயிலே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். வைட்டமின் டி உருவாக வெயில் தேவை, நம் நிறத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் தேவை. இங்கு நடந்த ஆய்வுகளில் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் இந்த வைட்டமின் குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. கறுத்துவிடுவோம் என்று அஞ்சி வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்கள் எலும்பு வலியோடு வருவதை நான் பார்க்கிறேன். காலை 7 மணி இளவெயில் உடலுக்கு இதம், ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அதில் மிகக் குறைவு. குறியீடு 3ஐத் தொடும் நேரத்தில், 9 மணிக்கு மேலோ மாலை 4 மணிக்கு மேலோ, கைகளிலும் கால்களிலும் வெயில் பட 15, 20 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். 400ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள், எல்லை இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. ஐயமிருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம்.

நிறைவாக, அந்த ஓட்டக்காரப் பெண்ணிடம் வருகிறேன். அன்று நான் அவளுக்கு நிறம் தரும் களிம்பு எழுதிக் கொடுக்கவில்லை. அந்த டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன். புண் ஆற மருந்து கொடுத்தேன். நான் இன்று உங்களுக்குச் சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி, பயிற்சியை மாலை 5 மணிக்குத் தள்ளி வைக்கும்படி ஆசிரியருக்கு ஒரு கடிதமும் கொடுத்தேன். தாயார் முகம் வாடிப் போனது. "அப்போ நிறம் வராதா டாக்டர்?" என்றார். "அவள் நிறம் வந்துதாம்மா இருக்கு. அதைத்தான் நாம காப்பாத்தணும்" என்றேன்.

மறு ஆண்டு அவள் மட்டும் தனியாக வந்தாள், காலில் சுளுக்கு என்று. தலையில் தொப்பி இருந்தது. முகம் தெளிந்திருந்தது, நல்ல கறுப்பாகவே. "அம்மா எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டேன். "திடலுக்கு வர்றாங்க டாக்டர். என் நிழலைப் பார்த்துட்டுத்தான் ஓட விடுறாங்க" என்றாள்.

என் தகப்பனாருக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் வெயிலில் வேலை செய்கிறவருக்கு இன்றிரவே நீங்கள் சொல்லிவிடுங்கள்.